கல்லாவுக்கும் தராசுக்கும் அரைக்கைச் சட்டை

கடைக்கு அரைக்கைச் சட்டை போட்டு வருவது முதலாளிக்குக் கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மவர்களில் பலருக்கு இன்னமும் போகவில்லை. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்த்த முழுக்கைச் சட்டை இருந்தால்தான் வாடிக்கையாளர் மதிப்பார், மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு அனுப்புவார் என்று ஒரு நம்பிக்கை. மார்கழியில் அது சரி. சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவே, காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிற மளிகைக்காரருக்கு இது ஒத்துவருமா?

அக்கினி நட்சத்திரம் மே 4ஆம் நாள் வாக்கில் தொடங்குகிறது. மே 5 நமது வணிகர் தினம். அன்று மாநாட்டுப் பந்தலில் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். எங்கும் முழுக்கைதான், அதில் பாதிப் பேர் முழங்கைக்கு மேல் சுருட்டி விட்டிருப்பார்கள். சுருட்டிய இடத்தில் நாலு மடிப்புத் துணி சேர்ந்து காற்றை அடைத்துக்கொள்ளும். அதற்கு அரைக்கையே போட்டு வந்திருக்கலாமே!

கௌரவம் என்று பேசுவோருக்கு ஒன்று சொல்வோம். 1954 முதல் 1963 வரை இந்த மாநிலத்தை ஆண்ட காமராஜர் தொளதொளவென்ற அரைக்கைக் கதர்ச் சட்டையோடுதான் கோட்டைக்கும் போனார், டெல்லிக்கும் போனார். அவர் படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற கடைகள் நம்மில் ஏராளம். யாரும் அவருக்கு மரியாதை குறைத்துவிடவில்லை.

முதலாளியாவது மின்விசிறிக்குக் கீழே உட்காருகிறார். நம் சிப்பந்திகள் படும் பாடுதான் பெரிது. தீபாவளிக்கு எடுத்துக்கொடுக்கிற சீருடைச் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டர். சுருங்காது, சாயம் போகாது, இஸ்திரி வேண்டாம், மொத்தமாக எடுத்தால் விலையும் மலிவு. இத்தனையும் வாங்குகிறவருக்கு லாபம். போட்டுக்கொள்கிறவருக்கு? வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. சாதாரண நிலையில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை விழுக்காடுகூட வாங்குவதில்லை. அதனால் வியர்வை உடம்போடு ஒட்டி நிற்கிறது. முதுகில் வியர்க்குரு, அக்குளில் படர்தாமரை, பிறகு மருந்துக்கடைச் செலவு. பிற்பகல் மூன்று மணிக்குச் சிப்பந்தி எரிந்து விழுகிறான், எடை போடுவதில் தப்பு செய்கிறான் என்று குறைப்படுகிற முதலாளிகள், அவன் உடம்பில் என்ன துணி இருக்கிறது என்று பார்ப்பதுண்டா?

இது சின்ன விஷயமல்ல. வேலூர், கரூர், ஈரோடு, திருத்தணிப் பக்கம் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இப்போது புதுமையே இல்லை. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. அதற்கு முன், 2021இல், கடைகளில் நின்று வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. நம்மில் பலர் முக்காலி வாங்கிப் போட்டோம். சட்டைக்கென்று ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது முதலில் துணி. ‘காட்டன்’ என்று சீட்டு ஒட்டியிருப்பதெல்லாம் பருத்தி அல்ல. ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்திப் பாருங்கள் (கற்பூரமும் தீப்பெட்டியும் அடுக்கியிருக்கிற பக்கம் வேண்டாம்). பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். கலப்பு நூலில் இரண்டும் தெரியும். சரக்கை முகர்ந்து பார்த்தே தரம் சொல்கிற நமக்கு இந்தச் சோதனை கஷ்டமில்லை.

மெல்லிய பாப்ளின், கேம்ப்ரிக், கைத்தறி, கதர் எல்லாம் கோடைக்கு நல்லவை. பத்துப் பேருக்கு மேல் சிப்பந்திகள் உள்ள கடைகள், அல்லது நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து, ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் துணியாக எடுத்து உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்தால் கட்டுப்படியாகும். புதுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும். ஓர் இரவு நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். நிறம் வெளிர் நீலமோ சந்தனமோ சிறு கட்டமோ இருக்கட்டும். வெள்ளையில் மஞ்சள் கறை பட்டால் அந்தச் சட்டை அன்றோடு சரி.

அளவில்தான் தையற்காரர்கள் கோட்டைவிடுகிறார்கள். நாகரிகம் என்று கையைப் புஜத்தோடு இறுக்கித் தைத்துவிடுகிறார்கள். மேல் தட்டிலிருந்து டப்பா எடுக்கக் கையைத் தூக்கினால் அக்குள் தையல் பிரிகிறது. கை முழங்கைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். வாய் அகலமாக, காற்று உள்ளே போய் வர வேண்டும். அக்குள் சுற்று தாராளமாக இருக்கட்டும். அடிப்பக்கம் வளைவில்லாமல் நேராக வெட்டி, இரு பக்கமும் சிறு பிளவு விட்டால் குனிந்து நிமிர வசதி. குனிந்து அரிசி அள்ளும்போது பேனா மூட்டைக்குள் விழாதபடி பை ஆழமாக வேண்டும். வெல்லமும் எண்ணெயும் கையாளுகிற இடத்தில் முழுக்கையின் முனை எதில் தோயும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

எல்லோருக்கும் அரைக்கைதான் என்று நாம் சொல்லவில்லை. மிளகாய் மண்டியில் வற்றல் மூட்டை புரட்டுவோருக்கும், நடுப்பகல் வெயிலில் லாரியில் சரக்கு இறக்குவோருக்கும் தொளதொளவென்ற முழுக்கைப் பருத்திச் சட்டையே காப்பு. நெடியும் வெயிலும் நேராகத் தோலில் படக்கூடாது.

உள்ளே பருத்தி பனியன் போடலாம்; வியர்வையை அது முதலில் வாங்கிக்கொள்வதால் சட்டை மாலைவரை தாங்கும். கழற்றிய சட்டையை ஆணியில் மாட்டி மறுநாளும் போடுகிற வழக்கம் கோடையில் கூடாது. இரவே பச்சைத் தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் காயப்போட்டால் உப்புப் பூக்காது, துணியும் நைந்துபோகாது. ஆகவே ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று, கையிருப்பில் ஒன்று என்று மூன்று வேண்டும். செலவு கூடத்தான் செய்யும். தீபாவளிச் சட்டை இரண்டில் ஒன்றைப் பங்குனிக்கு மாற்றிக் கொடுத்தாலே பாதிச் செலவு அடங்கிவிடும்.

மாசி முடிவதற்குள் அளவு கொடுத்துவிடுங்கள். ஏப்ரல், மே பிறந்துவிட்டால் தையற்காரர்கள் பள்ளிச் சீருடையில் மூழ்கிவிடுவார்கள். அப்புறம் காஜா எடுக்கக்கூட ஆள் கிடைக்காது.