"போட்டதே இல்லை சார்" என்பது நற்சான்று அல்ல

பழைய வண்டி விற்பவர்கள் சொல்வதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. "ஃபோர் வீல் ட்ரைவா? அதைப் போட்டதே இல்லை சார், அப்படியே புதுசா இருக்கு." வாங்க வந்தவர் முகம் மலர்ந்துவிடும். என் கருத்து நேர் எதிரானது. நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய பிக்கப்பில் அதை ஒருநாளும் போட்டதில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

இதைச் சொல்ல நீ என்ன மெக்கானிக்கா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் வண்டிகளின் லாக் புத்தகமும் ரிப்பேர் பில்களும் பல ஆண்டுகள் என் மேசை வழியாகத்தான் போயின. அந்தக் காலத்து மகிந்திரா ஜீப்பில் கியர் கம்புக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னக் கம்புகள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களை இணைக்க, மற்றது இழுவையைக் கூட்ட. எங்களிடம் இருந்த மூத்த டிரைவர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது மண் சாலையில் அவற்றைப் போட்டு ஓட்டுவார். மற்றவர்கள் தொடமாட்டார்கள். மழைக்காலத்தில் சேற்றில் நின்றுபோய், "லீவர் விழவில்லை" என்று பில் வந்ததெல்லாம் தொடாதவர்களின் ஜீப்புகளுக்குத்தான்.

காரணம் எளிது. முன் அச்சில் உள்ள பற்சக்கரங்கள் சுழன்றால்தான் எண்ணெய் மேலே ஏறி எல்லா இடமும் பரவும். சுழலாவிட்டால் எண்ணெய் அடியில் கிடக்கும், சீல் காய்ந்துவிடும். இன்றைய வண்டிகளில் கம்புக்குப் பதில் திருகு வந்துவிட்டது. 2016-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த இசுசு வி-கிராஸ் பிக்கப்பிலும் திருகுதான். அதைத் திருப்பினால் உள்ளே ஒரு சிறு மோட்டார் வேலை செய்ய வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த மோட்டார் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. டொயோட்டாவின் சில மாடல்களுக்கான கையேட்டில், மாதம் 16 கிலோமீட்டராவது நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டுங்கள் என்றே அச்சிட்டிருக்கிறார்கள்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. நிலம், தோப்பு வைத்திருக்கும் நம்மவர் பலருக்கு அதன்பின் இப்படி ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை வந்திருக்கிறது. நியாயமான ஆசைதான். ஆனால் அந்த வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டிகளும் துடைத்து மெருகேற்றப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும்.

என் தங்கை மகன் சென்ற மாதம், "மாமா, நீங்களும் வாங்க" என்று அழைத்துக்கொண்டு போய் மூன்று பிக்கப்புகளைக் காட்டினான். அவன் கையில் இருந்தது அவன் அப்பாவின் ஓய்வுப் பணம். மூன்று இடத்திலும் வண்டியைத் தார் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டக் கொடுத்தார்கள். அதில் இன்ஜின் தெரியும், பிரேக் தெரியும். நான்கு சக்கர இயக்கம் தெரியவே தெரியாது. அதற்குத்தானே இரண்டு மூன்று லட்சம் கூடுதலாகக் கேட்கிறார்கள்?

ஆகவே, ஓட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். நம் முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கூட வரும் பையனைக் குனியச் சொல்லுங்கள். முன்பக்கம் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா? சத்தம் வருகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு விற்பவர்களும் உண்டு. முன் சக்கரங்களுக்குள் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா? நான்கு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா? முன்னும் பின்னும் டயர் வேறுபட்டால், இரண்டையும் பூட்டி ஓட்டும்போது உள்ளே இருக்கும் பற்சக்கரங்கள்தான் அடி வாங்கும். உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு இரு டிஃபரென்ஷியல்களின் எண்ணெய் மூடியையும் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

சாவியைத் திருப்பியதும், பல வண்டிகளில் மற்ற விளக்குகளோடு நான்கு சக்கர விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும். எரியவே இல்லை என்றால் அந்த மாடலுக்கு அது வழக்கம்தானா என்று கேளுங்கள். பல்பைப் பிடுங்கிக் கோளாறை மறைப்பது பழைய தந்திரம்.

பிறகு மண் சாலைக்குப் போங்கள். ஆரோவில் பக்கத்துச் செம்மண் பாதை போதும், தோப்பு வழி இன்னும் நல்லது. தார் ரோட்டில் இந்தச் சோதனை கூடாது. வளையும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இந்தப் பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றில் 4 எச் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்படும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் அதற்கு வழியில்லை.

நேராக, மெதுவாகப் போகும்போது 4 எச் போடுங்கள். விளக்கு சற்று மின்னி நிலையாக நிற்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தால் இணையவில்லை என்று பொருள். இப்போது ஸ்டியரிங்கை நன்றாக ஒடித்து மெல்ல நகருங்கள். வண்டி சற்று இறுகும், தயங்கும். பயப்பட வேண்டாம், அதுதான் சரி. எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும். விளக்கு எரிந்தாலும் முன் சக்கரங்கள் இழுக்கவில்லை. வளையும்போது சக்கரத்தருகே "கட கட" என்றால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. அழுத்தி மிதிக்கும்போது வண்டியின் நடுவிலிருந்து "டக் டக்" என்று குதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சங்கிலி தளர்ந்திருக்கலாம். அது பெரிய செலவு.

அடுத்து வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து 4 எல் போடுங்கள். முதல் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர வேண்டும். காலை எடுத்ததும் லீவர் தானாக வெளியே துள்ளினால் உள்ளே தேய்மானம். கடைசியாக 2 எச்-க்குத் திரும்புங்கள். விளக்கு உடனே அணையாவிட்டால் சில மீட்டர் நேராகப் பின்னால் எடுங்கள். இறுக்கம் விட்டு அணைந்துவிடும். அதற்கும் அணையாவிட்டால் கோளாறு.

மொத்தமும் அரை மணி நேர வேலை. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு முசே, 'எஸ்ஸே' என்ற சொல்லுக்குச் சோதனை, முயற்சி, கட்டுரை மூன்றும் பொருள் என்பார். விற்பவர் கட்டுரை மட்டும் வாசிக்கிறார், சோதனைக்கு இடம் தரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். மண்ணில் ஓட்டினால் அழுக்காகும் என்றார் ஒருவர். மண்ணுக்காகச் செய்த வண்டி ஐயா அது! தங்கை மகனும் நானும் அங்கிருந்து கிளம்பிவிட்டோம். மூன்றாவது வண்டிக்காரர், ஒரு விவசாயி, தானே களத்துமேட்டுக்கு ஓட்டிப்போய்க் காட்டினார். பக்கவாட்டில் கீறல், உள்ளே வைக்கோல் தூசி. ஆனால் திருகு சொன்னபடி கேட்டது. பேரம் இன்னும் நடக்கிறது.

வாங்கிவிட்டீர்களா? நாட்காட்டியில் மாதம் ஒரு ஞாயிறைக் குறித்து வையுங்கள். அன்று தோப்புக்குப் போகும்போது மண் பாதை தொடங்கும் இடத்தில் 4 எச் போட்டு, தார் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள். நாளைக்கு விற்க நேர்ந்தாலும், "மாதாமாதம் போட்டு ஓட்டினேன்" என்று நிமிர்ந்து சொல்லலாம்.