பாடு இல்லாத நாளில்...

பழவேற்காட்டில் இறால் பிடிக்கக் குப்பங்களுக்குள் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'பாடு'. அன்றைக்குப் பாடு வேறு குப்பத்துக்கு! படகு நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் பேச்சு 'லொள்ளு சபா'வுக்குத் தாவியது. 2003 வாக்கில் விஜய் டி.வி.யில் ஆரம்பித்து, எந்த ஹீரோ படத்தையும் விட்டுவைக்காமல் வாரினார்களே, அதேதான்.

"சந்தானம்தான்யா டாப்பு. 2004-ல 'மன்மதன்' வந்ததும் சினிமாவுல எங்கியோ போய்ட்டாரு!"

"போடா! மனோகர் கையை ஆட்டி ஆட்டி வசனம் பேசுவாரே, அதுக்கு ஈடாவுமா?" என்ற பெரியவர், எழுந்து ஆட்டியே காட்டிவிட்டார். (வேட்டி நழுவியது தனிக் கதை.)

ஓரமாக ஒருத்தர் மட்டும் உம்மென்று இருந்தார். முந்தின நாள்தான் அவர் புது வலை கிழிந்து நாசமாம். கடன் வாங்கிப் போட்ட வலை.

"இன்னொரு வாட்டி ஆட்டு மாமா" என்றார்.