ட்ரிப் ஆனால் பிரேக்கரைப் பழிக்குமுன்

அமெரிக்க வீடுகளில் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் கட்டாயமாகி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1999 என்இசி விதித்தொகுப்பின் 210.12 பிரிவில் வந்த விதி, 2002 ஜனவரி 1 முதல் படுக்கையறை பிளக் பாயிண்ட்டுகளுக்கு நடைமுறையானது. 2008 பதிப்பில் கூடமும் சாப்பாட்டறையும் சேர்ந்தன. 2014-ல் சமையலறையும் சலவை அறையும். இன்றும் அங்கே பல எலக்ட்ரீஷியன்கள் அதன் பேரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறார்கள். வேக்குவம் கிளீனர் போட்டால் விழுகிறது, டிரெட்மில் ஓடினால் விழுகிறது என்று புகார். இன்ஸ்பெக்டர் தலை மறைந்ததும் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண பிரேக்கரை மாட்டுகிறவர்களும் உண்டு.

புகாரில் ஓரளவு நியாயம் இருக்கிறது. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் எழும் பொறிக்கும் ஒயரில் எழும் பொறிக்கும் வித்தியாசம் காண ஆரம்பகாலத் தயாரிப்புகள் திணறின. ஆனால் வயரிங்கில் உள்ள கோளாறும் பிரேக்கர் தலையில்தான் விழுகிறது. பல மாடல்களில் எர்த் லீக்கேஜை உணரும் பகுதியும் உண்டு. இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை ஒரே ஜங்ஷன் பாக்ஸில் சேர்த்து முறுக்கிவிட்டால் ஃபேஸில் போன கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பியதும் ஒத்துப்போகாது. லோடு ஏறியதும் ட்ரிப். நம் ஊர் ஆர்சிசிபி-யிலும் இதே கதைதானே!

இந்த பிரேக்கர் தேவைப்படுவது ஏன் என்பதில் குழப்பம் வேண்டாம். 120 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் இழுப்பது 12.5 ஆம்பியர். அறுந்தும் அறாமலும் இருக்கும் ஒயர் வழியே அது போகும்போது, பொறி பறந்தாலும் கரண்ட் கூடாது, சற்றே குறையும். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எர்த்துக்குக் கசிவும் இல்லாததால் ஆர்சிசிபி அசையாது. ஃபேஸும் நியூட்ரலும் உரசும் பொறிக்கும் முழு உத்தரவாதம் கிடையாது: நாம் மாட்டும் 16 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். நீண்ட எக்ஸ்டென்ஷன் கார்டின் கடைசியில் விட்டுவிட்டு உரசும் இடத்தில் அவ்வளவு வராமல் போகலாம்.

அதே சமயம் இது சர்வரோக நிவாரணியும் அல்ல. லூஸான டெர்மினல், பொறியே இல்லாமல் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். அலைவடிவத்தில் பொறியின் அடையாளம் இல்லாதபோது பிரேக்கர் எதைப் பிடிக்கும்? 2017 என்இசி டெர்மினல் இறுக்கத்துக்கும் விதி சொன்னது: உற்பத்தியாளர் முறுக்குவிசை குறித்திருந்தால் அதை அளந்தே இறுக்க வேண்டும். நம் வயர்மேன்களில் எத்தனை பேர் கையில் டார்க் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது?

ஐரோப்பா நிதானமாகப் போகிறது. அங்கே ஏஎஃப்டிடி எனப்படும் இந்த ஆர்க் ஃபால்ட் சாதனத்துக்கான ஐஇசி 62606 தரநிலை வந்தது 2013-ல். பிரிட்டன் 2022-ல் உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் போன்ற ஆபத்து கூடிய இடங்களின் சாக்கெட் சர்க்யூட்டுகளுக்கு மட்டும் கட்டாயமாக்கி, மற்ற வீடுகளுக்குப் பரிந்துரையோடு நிறுத்திக்கொண்டது. நமக்கும் அந்த வழியே ஒத்துவரும் என்பது இவ்விதழின் கருத்து. சர்க்யூட்டுக்கு ஒரு தனி நியூட்ரல் என்பதே பல டிபி-க்களில் இன்னும் இல்லாதபோது, எல்லா வீட்டிலும் ஏஎஃப்டிடி என்று உத்தரவு போட்டால் அது பைபாஸ் ஒயரில்தான் முடியும்.

விதி எழுதுகிறவர்களிடம் ஒரு கோரிக்கை. கடைசியாக ஏன் விழுந்தது, பொறியா, எர்த் கசிவா, ஓவர்லோடா என்பதைச் சில பிரேக்கர்கள் சிறு விளக்கின் சிமிட்டலில் காட்டுகின்றன. இங்கே விற்கும் ஒவ்வொன்றிலும் அந்த வசதியைக் கட்டாயமாக்குங்கள். விளக்கக் குறிப்பு டிபி மூடியின் உட்புறம் தமிழில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.