ஆடிப்பட்டம் பொய்க்குமாயின்

ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் நம் முன்னோர். மழை வரும் காலமறிந்து வித்திட்ட அவர்தம் பட்டறிவுக்கு இன்று ஊறு நேர்ந்துள்ளது. துடியலூர்ச் சுற்றுப்புறத்து மேட்டாங்காட்டு உழவன், விதையைக் கையில் வைத்துக்கொண்டு வானையே நோக்கி நிற்கின்றான்.

இது வானின் குற்றமன்று. மாந்தன் தேடிக்கொண்ட கேடு. நிலக்கரியையும் கல்லெண்ணெயையும் எரித்தெரித்துக் கரிவளியைப் பெருக்கினோம். அது வெப்பத்தைத் தேக்கி வைக்கின்றது. ஒரு பாகை செல்சியசு வெப்பம் உயரின், காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியை ஏந்தும். ஆகவே, பெய்யுங்கால் பெருமழை, இடையிடையே நெடுவறட்சி.

கொங்குநாடோ மேற்குமலைத் தொடரின் மழைமறைவில் கிடப்பது. கோவையின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ.தான், அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழை தருவது. 2016இல் தமிழகத்தில் அம்மழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றனவாக அறிவிக்கப்பெற்றன. அதன்பின்னும் நாம் கற்றதென்ன? ஆழ்குழாய்க் கிணற்றை ஆயிரம் அடிக்கும் கீழே இறக்குவதொன்றுதானே! மழை நிரப்பாத நிலத்தடியை எத்துணை நாள் உறிஞ்சுவது?

நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் மணி பிடியாமல் பதராகும். சோளமும் கம்பும் சாமையும் குறைந்த நீரில் விளைவன. சோளத்தட்டு மாட்டுக்கும் தீனி. 'விளைவித்தால் விலை உண்டா?' என உழவன் கேட்பது முறையே. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். அவ்வாறே கொங்குச் சோளத்தையும் அரசு உரிய விலைக்குக் கொள்முதல் செய்க!

1971 முதல் வேளாண் பல்கலைக்கழகம் நம் கோவையிலேயே உள்ளது. அதன் ஆய்வும் மழைக்கணிப்பும் உழவனுக்கு விளங்கும் நல்ல தமிழில், பட்டத்திற்கு முன்பே ஊர்தோறும் வந்து சேரல் வேண்டும். விளங்காத மொழியில் வரும் அறிவு, விதைத்தபின் வரும் எச்சரிக்கையை ஒக்கும்.

குருடிமலையில் பிறந்து நொய்யலில் கலக்கும் கௌசிகா ஆற்றையும், அதனை ஊட்டும் ஓடைகளையும் தூர்க்காது காப்போம். ஒரு நாளில் கொட்டும் மழையைத் தேக்க அவையன்றி வேறிடம் நமக்கில்லை.

உழவ உடன்பிறப்புகளே! வானம் மாறிவிட்டது, நம் பயிரும் பழக்கமும் மாறுவதில் காலந்தாழ்த்தலாகாது. விதைநெல்லை விற்றுக் கிணறு தோண்டும் குடி நிலைக்குமோ? எண்ணிப் பாருங்கள்!