விதையை விற்கும் உழவன்

பூண்டு விலை ஏறினால் கடைக்காரரிடம் சண்டையிடுகிறோம்; இறங்கினால் இரண்டு கிலோ கூடுதலாய் வாங்குகிறோம். ஆனால், தோழனே, அந்தப் பூண்டைப் பயிரிட்டவன் யார், அவன் கைக்குக் கிடைத்தது என்ன என்று ஒருநாளேனும் கேட்டதுண்டா?

பூண்டு தின்றால் புத்தி மழுங்கும் என்று போதித்தோர் உண்டு இந்நாட்டில். போகட்டும்! ஆலைத் தொழிலாளி வீட்டு ரசத்திலே, பிள்ளை பெற்றவளின் பத்தியக் குழம்பிலே மணப்பது அந்தப் பூண்டுதான். பாட்டாளியின் பண்டம் அது!

கொடைக்கானல் மேல்மலையிலே பூம்பாறை, மன்னவனூர் என்று ஊர்கள். சரிவைச் செதுக்கிப் படிப்படியாய் அமைத்த சிறுசிறு நிலங்கள். ஏறத்தாழ நான்கு மாதம் பாடுபட்டு, பறித்த பூண்டைத் தாளோடு கட்டி, புகைபடத் தொங்கவிட்டுக் காக்கிறான் உழவன். அந்த மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான், மறுக்கவில்லை. பெயருக்குக் காவல் வந்தது, பயிரிட்டவனுக்கு வந்ததா?

பூண்டுக்குத் தனி விதை கிடையாது. உண்பதும் பல்; ஊன்றுவதும் பல். விளைந்ததிலே ஒரு பங்கை அடுத்த பருவத்துக்கென்று ஒதுக்கியாக வேண்டும். கடன் கொடுத்தவன் வாசலிலே நின்றால் என்னாகும்? விதைப் பங்கும் மூட்டையேறும், மலையிறங்கும், வடுகபட்டிச் சந்தைக்குப் போகும். விளைவித்தவன் ஒருவன், விலை சொல்பவன் வேறொருவன்! மறுபருவத்திலே, தான் விற்ற பூண்டையே விதையென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கொடுமை அவனுக்கு!

மத்தியப் பிரதேசத்திலிருந்தும் பூண்டு வருகிறது. வரட்டும். அதை விளைவித்தவனும் உழைப்பாளியே. அவனோடு நமக்குப் பகையில்லை. அந்தப் பூண்டுக்கு மலைப்பூண்டு என்று பெயர்சூட்டி விற்பவன் எவனோ, அவன்தான் இரண்டு உழவரையும், வாங்கும் நம்மையும் சேர்த்து ஏய்க்கிறான்.

வழியில்லையா? உண்டு. 1999-இல் கலைஞர் மதுரையிலே உழவர் சந்தையைத் தொடங்கினார். தரகருக்கு அங்கே இடமில்லை. உழவனே தராசு பிடித்தான். அதே 1999-இல்தான் புவிசார் குறியீட்டுச் சட்டமும் இயற்றப்பட்டது. குறியீடு பெற்ற பொருளை விளைவிப்பவர், அதைப் பயன்படுத்தும் உரிமையாளராகத் தம் பெயரைப் பதிந்துகொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது. பதியாத உழவனுக்கு அந்தக் குறியீடு ஏட்டுச் சுரைக்காய்!

ஆகவே, ஆட்சியில் அமர்ந்திருப்பவர் எவராயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. பதிவு செய்யும் அதிகாரி மலையேறட்டும். கூட்டுறவுச் சங்கத்தின் கடன், மண்டிக்காரர் கடனுக்கு முந்தி உழவனைச் சேரட்டும். தொழிலாளர் கூட்டுறவுப் பண்டகசாலைகள் மேல்மலை உழவரிடமே நேராய்க் கொள்முதல் செய்யட்டும்.

தோழனே, உன் கடமையும் ஒன்றுண்டு. அடுத்த முறை பூண்டு வாங்கும்போது, "இது எந்த ஊர்ப் பூண்டு?" என்று கேள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். ஊரே கேட்டால் உண்மையைச் சொல்வார். விளைவித்தவன் தன் விதையை விற்காமல் வைத்துக்கொள்ளும் நாளே, அந்தக் குறியீட்டுக்குப் பொருள் பிறக்கும் நாள்!