மனநோய் அம்மாவுக்கு, வயிற்றுவலி பிள்ளைக்கு



“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு” என்று ஒரு பழமொழி உண்டு. ஒரு விஷயத்தில் மட்டும் அது பொருந்தாது என்பது என் கருத்து. தாயின் மனசு நோயில் விழுந்தால், பிள்ளையின் வயிறுதான் முதலில் காயும்.

மனநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. பக்கத்துல உட்கார்ந்தா வராது. அப்புறம் எப்படிப் பிள்ளைக்கு உடம்பு கெடுது? யோசித்துப் பாருங்கள். மனச்சோர்வு வந்த அம்மாவுக்கு எழுந்திரிக்கவே தெம்பு இருக்காது. உலை வைக்க முடியாது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் தோணாது. தடுப்பூசி தேதி மறந்துபோகும். இது சோம்பேறித்தனம் இல்லை, நோயே அதுதான். அப்பாவுக்கு வந்தாலும் இதே கதிதான். வேலைக்குப் போக முடியாது, கூலி வராது, வீட்டில் பாலும் முட்டையும் நின்றுவிடும்.

பக்கத்து ஊரில் இருக்கும் எங்க சித்திக்கு ரெண்டாவது பாப்பா பிறந்த பிறகு இப்படி ஆச்சு. (சித்தியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும்”னு சொன்னாங்க.) யாரோடும் பேசாம சுவரையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. “காத்து கருப்பு அடிச்சிருக்கு” என்று வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள். மூணு மாசம் போச்சு. அங்கன்வாடியில் நிறுத்துப் பார்த்தால் பாப்பாவுக்கு எடை ஏறவே இல்லை. மூத்தவளுக்குத் தினமும் வயிற்றுவலி. பள்ளிக்கூடம் போகாம இருக்க நடிக்கிறாள் என்று திட்டினார்கள். பாப்பாவின் எடையைப் பார்த்த நர்ஸம்மாதான் சித்தியைப் பற்றி விசாரித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. மாத்திரை சாப்பிட்டுச் சில வாரத்தில் சித்தி மறுபடி அடுப்பு பற்றவைத்தார்கள். பாப்பாவுக்கு எடை ஏறியது. மூத்தவளின் வயிற்றுவலியும் போனது. அவளுக்கு யாரும் மருந்தே கொடுக்கவில்லை!

இது எங்க குடும்பத்துக் கதை மட்டும் இல்லை. கோவாவில் நடந்த ஓர் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்த தாய்மாரின் குழந்தைகள் 6 மாதத்தில் எடை குறைந்து இருப்பது அதிகம் என்று அதில் தெரிந்தது. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஆய்வும் 2004-இல் இதுபோலவே சொன்னது. மூத்தவளின் வயிற்றுவலியும் பொய் இல்லை. பரீட்சை அன்று நமக்கு வயிறு கலக்குவது இல்லையா? வீட்டில் தினமும் பயம் என்றால் பசி போகும், தூக்கம் போகும், தலையும் வயிறும் நிஜமாகவே வலிக்கும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நோயாளியைக் கட்டிப் போடுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. தாயைப் பார்க்கும்போது பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டாமா?

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கும் போங்கள் என்கிறேன். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.

தோழர்களே, தோழிகளே! “பைத்தியக்காரி மக” என்று யாரையும் கூப்பிடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் பிள்ளைக்கு நாம் பட்டப்பெயர் வைக்கிறோமா? அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் வீட்டில் நோயை மறைக்கிறார்கள். மறைக்க மறைக்கப் பிள்ளைதான் இளைக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அடிக்கடி லேட்டா வர்ற, பிரேயரில் மயங்கி விழற பிள்ளையிடம் “ஏன் லேட்டு?” என்பதற்கு முன்னால் “சாப்பிட்டியா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?” என்று கேளுங்கள். எல்லோர் முன்னாலும் வேண்டாம், தனியாக. நீங்கள் கேட்டால் அந்தப் பிள்ளை சொல்லும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி