கடைக்காரர் நோட்டும் நம் நோட்டும்



சம்பளம் வாங்கிப் பத்து நாள் ஆவதற்குள் கை காய்ந்துவிடுகிறது என்ற புலம்பலை லயத்துக்கு லயம் கேட்டு வருகிறோம். பால் வெட்டும் தொழிலாளி சொல்கிறார். ஆபீசில் உட்கார்ந்து அவருடைய சம்பளக் கணக்கை எழுதும் கிராணியாரும் அதையேதான் சொல்கிறார். தோட்டத்தின் கணக்கையெல்லாம் ஒரு காசு பிசகாமல் எழுதுகிறவருக்குத் தம் வீட்டுக் கணக்கு தெரியவில்லையென்றால், இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியுமா?

வரவுக்குள் வாழ்வது பற்றி எழுதப் புகுந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். ஒரு பக்கம் நம்மவர்கள்: "கொடுக்கிற சம்பளம் வயிற்றுக்கே பற்றவில்லை. இதில் கணக்கு வேறு எதற்கு? சங்கம் சம்பளத்தை உயர்த்தித் தரட்டும், எல்லாம் தன்னால் சரியாகிவிடும்" என்பார்கள். மறுபக்கம் நிர்வாகத்தின் ஆட்கள்: "பார்த்தீர்களா, சங்கமே ஒப்புக்கொள்கிறது! தொழிலாளிக்குச் சம்பளம் குறைவில்லை, சிக்கனம்தான் குறைவு" என்பார்கள். இந்த இரண்டு வாதமும் பொய். இரண்டையும் மறுக்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் நிர்வாகத்தின் வாதத்தைப் பார்ப்போம். தொழிலாளிக்குச் சிக்கனம் போதிப்பது மலாயாவில் புதிய வேலையன்று. 1920-களில் இந்தியத் தொழிலாளர்களுக்குக் கூலி நிர்ணயித்தபோது, ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு அரிசி வேண்டும், எவ்வளவு பருப்பும் உப்பும் போதும், எத்தனை துணி வேண்டும் என்று அதிகாரிகள் பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலின் மேல் நம் பாட்டனுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பாட்டிக்கு 40 காசு என்று கட்டினார்கள். 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டினார்கள். நம் அடுப்பில் என்ன வேகலாம் என்பதை நம்மைக் கேளாமலே எழுதினார்கள். நம் குடும்பத்தின் வரவு செலவுத் திட்டம் அன்று நம் கையில் இல்லை. அதுதான் அடிமைத்தனம்.

அதை எதிர்த்து எழுந்தவர்கள் என்ன செய்தார்கள்? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. கூலியை உயர்த்து என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்றார்கள். அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது: தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு! தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. ஆனால் அந்தக் கோரிக்கைப் பட்டியல் நமக்குச் சொல்லும் பாடம் போகவில்லை. கூலி உயர்வும் வேண்டும், உயர்ந்த கூலி வீடு வந்து சேரவும் வேண்டும் என்று அவர்கள் ஒரே மூச்சில் கேட்டார்கள். ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் நினைக்கவில்லை. நாம் மட்டும் ஏன் நினைக்க வேண்டும்?

இனி நம்மவர்களுக்கு வருவோம். "சம்பளம் உயரட்டும், பிறகு கணக்குப் பார்ப்போம்" என்கிறவர்களை ஒன்று கேட்கிறோம். 2025 பிப்ரவரியில் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. சேமநிதிக்கு நூற்றுக்கு 11 வீதம் 187 வெள்ளி போக, சொக்சோவும் பிடித்தங்களும் போக, கைக்கு வருவது ஏறத்தாழ 1,500 வெள்ளி. இது போதாது என்று நாமும்தான் சொல்கிறோம். எவ்வளவு போதாது? நூறு வெள்ளியா? நானூறு வெள்ளியா? அரிசிக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கேட்டால் எத்தனை வீட்டில் பதில் இருக்கிறது? பேச்சு மேசையில் எதிரே உட்காருகிறவர் கணக்கோடு வருகிறார். நாம் பெருமூச்சோடு போனால் எப்படி வெல்வது? ஆயிரம் வீட்டின் செலவு நோட்டு சங்கத்தின் கையில் இருந்தால், அதைவிடப் பெரிய ஆயுதம் வேறில்லை.

மளிகைக் கடைக்காரரைப் பாருங்கள். மேசைக்கடியில் சின்னஞ்சிறு '555' நோட்டு வைத்திருக்கிறார். நாம் கடன் வாங்கிய சீனி, மாவு, மீன் டின் எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கிறது. நம் வீட்டுச் செலவு அவருக்குத் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியில் அவர் சொன்ன தொகையைக் கொடுக்கிறோம். அவர்மீது குற்றமில்லை. அவர் பிழைப்பை அவர் ஒழுங்காகப் பார்க்கிறார். அதே நோட்டு ஒன்று நம் வீட்டு ஆணியிலும் தொங்கினால் என்ன?

கடைக்கடனாவது அரிசியாக வீட்டுக்கு வருகிறது. வட்டிக்கடன் எதுவாக வருகிறது? ஆலோங்கிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 1,000 வெள்ளி வாங்குகிறவர் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். மாதம் 100 வெள்ளி வட்டி மட்டும் கட்டினால், வருடத்தில் 1,200 வெள்ளி போயிருக்கும். வாங்கிய 1,000 அப்படியே நிற்கும். உரிமம் பெற்ற கடன்காரர், ஈடில்லாக் கடனுக்கு வருடத்துக்கு நூற்றுக்கு 18-க்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. அதே ஆயிரத்துக்கு வருட வட்டி 180 வெள்ளிதான். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் ஆலோங் கையில் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் அவர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், உன் சம்பளத்தை இந்தக் கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதைத் தடுத்தது. முதலாளியின் கையிலிருந்து சட்டம் மீட்டுக் கொடுத்த உரிமையை நாமே கொண்டுபோய் ஆலோங் கையில் கொடுக்கலாமா?

கூட்டுப் பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நம்பிக்கையை மட்டும் முதலாக வைத்து மாதாமாதம் பணம் கட்டி, கூட்டுத் தலைவர் ஊரைவிட்டு ஓடியபின் தலையில் கை வைத்த குடும்பங்கள் பல. 1971-இல் அரசாங்கம் இதைத் தொழிலாக நடத்துவதைத் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தபோது, 'கூட்டு' என்ற நம் சொல்லையே அந்தச் சட்டத்தின் பெயரில் வைத்தது. நம் மொழி சட்டப் புத்தகத்தில் ஏற வேறு நல்ல வழி இல்லையா?

கடனாளியால் பேரம் பேச முடியாது. நாளை வேலைநிறுத்தம் என்று சங்கம் அழைத்தால், இரண்டு வாரச் செலவுக்கு வழியுள்ளவன் நிமிர்ந்து நிற்பான். கடனாளியின் கால்தான் முதலில் தள்ளாடும். ஆகவே வீட்டுக் கணக்கு தனி மனிதனின் சொந்த விஷயம் என்று எவரும் ஒதுங்க வேண்டாம். அது சங்கத்தின் பலம்.

செய்ய வேண்டியது கடினமன்று. ஒரு '555' நோட்டு வாங்குங்கள். வீட்டில் யார் பொறுப்பாக இருக்கிறாரோ அவர் கையில் கொடுங்கள். பெரும்பாலும் அது வீட்டு அம்மாவாகத்தான் இருக்கும். அவரும் உங்களோடு மரம் வெட்டிச் சம்பாதிக்கிறவர்தானே! ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம். செலவழிந்ததை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். சிகரெட், பீர், லாட்டரிச் சீட்டு எல்லாம் எழுதுங்கள். நாளைக்கு 6 வெள்ளி என்பது மாதம் 180, வருடம் 2,160 வெள்ளி. இந்தத் தொகையை நாம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் நோட்டே சொல்லும்.

இரண்டாம் மாதம் சம்பளம் வந்த அன்றே பங்கு பிரியுங்கள். முதலில் அரிசி மளிகை, அடுத்து பிள்ளைகள் படிப்பு, அடுத்து தவணையும் மின்சாரமும். நான்காவதாக, எவ்வளவு சிறிதானாலும், மழைக்கும் இலையுதிர்வுக்கும் ஒரு பங்கு. பால்மரம் வருடம் முழுவதும் ஒரே மாதிரி பால் கொடுப்பதில்லை என்று நம்மைவிட அறிந்தவர் யார்? வருடத் தொடக்கத்தில் இலை உதிர்ந்தால் பால் குறைகிறது. மழை பிடித்துக்கொண்டால் வெட்டே நின்றுபோகிறது. நல்ல மாதத்தின் பணம் முழுவதும் அந்த மாதத்துக்குச் சொந்தமன்று. தீபாவளியும் திருமணமும் திடீரென்று வருவனவல்ல. மாதம் 50 வெள்ளி ஒதுக்கினால் தீபாவளிக்கு முன்பணம் கேட்டு எவர் வாசலிலும் நிற்க வேண்டாம். சேமநிதியில் 2024 மே மாதம் முதல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்று பிரிக்கப்பட்டது. எடுக்க முடியும் என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். அது முதுமையின் சோறு.

இத்தனையும் எதற்காக? பிள்ளைகளின் வாய்க்குப் பூட்டுப் போட அல்ல. சுவரொட்டிக் கஞ்சத்தனத்தை நாம் போதிக்கவில்லை. பிள்ளைக்கு முட்டையும் பாலும் மறுத்துச் சேர்க்கும் காசு நமக்கு வேண்டாம். நாம் குடியிருக்கும் வீட்டை எண்ணிப் பாருங்கள். அது தோட்டத்தின் வீடு. வேலை முடிந்த அன்று அதுவும் முடிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், செம்பனை போய்ப் பட்டணத்து வீடமைப்பு வந்ததையும் பார்த்தோம். நாற்பது வருடம் உழைத்தவர்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றதையும் பார்த்தோம். சொந்தக் கூரை வேண்டும். அதற்கு முதல் செங்கல் அந்த நோட்டுத்தான்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் சரித்திரமே விடை சொல்கிறது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்குங்கள் என்று கேட்டார். 1961-இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் தொழிலாளர் பணத்தில் வாங்கப்பட்டது. இன்றைக்குக் கிடைப்பதைவிட எவ்வளவோ குறைந்த கூலியில் அந்தப் பத்து வெள்ளியை ஒதுக்கினார்கள் நம் தாய் தந்தையர்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பேனா நிர்வாகத்துக்கு எட்டு மணி நேரம் உழைக்கிறது. மாதத்தில் ஒரு மாலை அது லயத்துக்கும் உழைக்கட்டும். எழுதத் தெரியாத அம்மாவுக்கு நோட்டை எழுதிக் கொடுங்கள். வட்டிக்கு வாங்கப் புறப்பட்டவரை உட்கார வைத்து ஆயிரத்துக்கு எவ்வளவு ஆகும் என்று போட்டுக் காட்டுங்கள். ஆனால் முதலில் உங்கள் காரின் தவணையையும் கடனட்டையையும் உங்கள் நோட்டில் எழுதிவிட்டு வாருங்கள்.

சம்பள உயர்வுக்குப் போராடுவோம். அதில் ஒரு காசும் விட்டுக்கொடுக்க மாட்டோம். போராடிப் பெற்றதைக் கணக்கோடு காப்போம். அதிலும் ஒரு காசு விட்டுக்கொடுக்க மாட்டோம். அடுத்த சம்பள நாள் வருகிறது. கடைக்காரர் தம் நோட்டைத் திறப்பதற்கு முன் நாம் நம் நோட்டைத் திறப்போம்!